இமேஜ் பாதியில் நின்றால்: எஸ்சிசிஎம் ஓஎஸ் டிப்ளாய்மென்ட் சிக்கல்களைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"சார், இமேஜ் போகல."

மேல் மாடியிலிருந்து ஃபீல்டு இன்ஜினியர் போன் செய்தால் இந்த ஒரு வரிக்கு மேல் தகவல் வருவது அபூர்வம். இமேஜ் என்பது நெட்வொர்க் வழியாக மெஷின்களில் இறக்கும் தயார் நிலை விண்டோஸ் நகல். நெட்வொர்க் பூட்டே ஆகவில்லையா? பூட் ஆகி, பின்னணிப் படம் வந்து, தானே ரீஸ்டார்ட் ஆகிவிட்டதா? விண்டோஸ் இறங்கும்போது பாதியில் நின்றதா? எல்லாம் முடிந்து லாகின் திரை வந்த பிறகு, அலுவலகக் கணினிகளின் மைய நிர்வாகக் குழுவான டொமைனில் சேரவில்லையா? நான்கும் நான்கு வெவ்வேறு நோய், மருந்தும் வேறு வேறு. ஆனால் நான்குக்கும் போனில் வரும் வரி ஒன்றுதான்.

அதனால் நான் பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்பேன். திரையில் கடைசியாக என்ன தெரிந்தது, போட்டோ இருக்கிறதா? ஒரு மெஷினில் மட்டுமா, பக்கத்து மெஷினிலும் இதேதானா? இதே மாடலுக்கு இதற்கு முன்னால் இமேஜ் போட்டிருக்கிறோமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தாலே எங்கே தேட வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பதில் கிடைக்கும்வரை எதையும் மாற்றக் கூடாது என்பதுதான் என் ஒரே விதி. பதற்றத்தில் பூட் இமேஜை (மெஷினை முதலில் எழுப்பும் சிறு விண்டோஸ்) மறுபடி டிஸ்ட்ரிபியூட் செய்வது, விம் கோப்பை (விண்டோஸ் நகல் இருக்கும் கோப்பு) புதிதாகக் கேப்சர் செய்வது எல்லாம் பாதி நாளைத் தின்றுவிட்டு, பழைய பிழையையே திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜர், அலுவலகக் கணினிகளில் விண்டோஸையும் மென்பொருளையும் மொத்தமாக நிறுவி நிர்வகிக்கும் கருவி. பெயர் எத்தனை முறை மாறினாலும் நம் வாயில் அது எஸ்சிசிஎம்தான். நெட்வொர்க் பூட், வின்பிஇ (பூட் இமேஜில் இருக்கும் சிறு விண்டோஸ்), டிரைவர் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி மற்றக் கருவிகளுக்கும் பொருந்தும். பிழை எண்களுக்கு முன்னால் வரும் 0எக்ஸ் என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

முதல் படி: லாக் எங்கே இருக்கிறது?

டாஸ்க் சீக்வென்ஸ் (இமேஜ் போடும் படிகளின் வரிசை) ஓடும்போது எழுதும் டைரிதான் எஸ்எம்எஸ்டிஎஸ் லாக். சிக்கல் என்னவென்றால் அது ஒரே இடத்தில் இருக்காது, வேலை நகர நகர வீடு மாறிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

வின்பிஇ-யில் இருக்கும்போது, டிஸ்க் ஃபார்மேட் ஆவதற்கு முன், அது எக்ஸ் டிரைவில் இருக்கும்: விண்டோஸ், அதற்குள் டெம்ப், அதற்குள் எஸ்எம்எஸ்டிஎஸ்லாக் என்ற ஃபோல்டர். எக்ஸ் டிரைவ் என்பது ராமில் உருவாகும் டிரைவ். மெஷின் ரீஸ்டார்ட் ஆனால் லாக்கும் போய்விடும். டிஸ்க் ஃபார்மேட் ஆன பிறகு சி டிரைவின் வேரிலேயே, பெயர் அடிக்கோட்டில் தொடங்கும் எஸ்எம்எஸ்டாஸ்க்சீக்வென்ஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ் என்ற இடத்துக்குப் போகும். புதிய விண்டோஸ் எழுந்து எஸ்சிசிஎம் கிளையன்ட் ஏறிய பிறகு விண்டோஸ், சிசிஎம், லாக்ஸ், எஸ்எம்எஸ்டிஎஸ்லாக் என்ற வழியில் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டால் அதற்கு ஒரு படி மேலே, சிசிஎம் லாக்ஸ் ஃபோல்டரிலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

வின்பிஇ-யில் இதைத் திறக்க எஃப்8 வேண்டும். பூட் இமேஜின் பண்புகளில் கஸ்டமைசேஷன் டேபில் கமாண்ட் சப்போர்ட்டை டிக் செய்து, டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்டை (மெஷின்களுக்குக் கோப்புகளை வழங்கும் சர்வர்) புதுப்பித்தால்தான் எஃப்8 வேலை செய்யும். எஃப்8 கருப்புத் திரை திறந்திருக்கும்வரை டாஸ்க் சீக்வென்ஸால் மெஷினை ரீஸ்டார்ட் செய்ய முடியாது என்பது பெரிய வசதி. அதனால் வின்பிஇ எழுந்தவுடன் எஃப்8 தட்டித் திறந்து வைத்துவிடுங்கள். பிழைப் பெட்டி 15 நிமிடம் எண்ணி முடித்து மெஷினை அணைக்கப் பார்த்தாலும் லாக் உங்கள் கையில் இருக்கும். அங்கேயே சிஎம்ட்ரேஸ் என்று தட்டினால் லாக் படிக்கும் கருவி திறக்கும். அது பூட் இமேஜிலேயே வருகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எஃப்8 தருவது முழு அதிகாரம் கொண்ட கமாண்ட் திரை. எல்லோரும் தொடும் பூட் இமேஜில் அதை நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கூடாது. சோதனைக்கென்று தனி பூட் இமேஜ் ஒன்று வைத்துக்கொள்வதே நல்லது.

லாக்கைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசியில் 80004005 என்று சிவப்பாக ஒரு வரி இருக்கும். அந்த எண்ணை கூகுளில் போட்டுத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 'ஏதோ தப்பு' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. அதற்குப் பத்து, இருபது வரி மேலே, முதன்முதலாகத் தோற்ற வரி எது என்று தேடுங்கள். கீழே இருப்பதெல்லாம் அதன் எதிரொலி.

நெட்வொர்க் பூட்டே ஆகவில்லை

இந்தக் கட்டத்தில் எஸ்எம்எஸ்டிஎஸ் லாக் பிறக்கவே இல்லை, மெஷினில் தேடிப் பயனில்லை. திரையில் ஒரு வரிதான் கிடைக்கும், அந்த வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பிஎக்ஸ்இ என்பது நெட்வொர்க் வழியாக பூட் ஆகும் முறை. பிஎக்ஸ்இ-இ51 என்றால், ஐபி முகவரி தரும் டிஹெச்சிபி சர்வர் யாரும் பதிலே சொல்லவில்லை. யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதில் வந்த புதிய ஃபர்ம்வேர்) மெஷின்களில் இதே குறை பெரும்பாலும் இ16 என்று வரும். இ53 என்றால் ஐபி முகவரி கிடைத்தது, ஆனால் எந்தக் கோப்பை எடுத்து பூட் ஆவது என்று யாரும் சொல்லவில்லை. இ55 என்றால் 4011 போர்ட்டில் பிஎக்ஸ்இ சேவை வாய் திறக்கவில்லை. இ32 என்றால் கோப்பின் பெயர் தெரிந்தும் டிஎஃப்டிபி (எளிய கோப்பு அனுப்பும் முறை) வழியாக அதைத் திறக்க முடியவில்லை.

இவற்றின் பின்னால் இருக்கும் கதையைப் புரிந்துகொண்டால் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். மெஷின் எழுந்ததும் 'எனக்கு ஒரு முகவரி வேண்டும், பூட் ஆகவும் வழி வேண்டும்' என்று நெட்வொர்க் முழுக்கக் கூவுகிறது. முகவரியை டிஹெச்சிபி சர்வர் தருகிறது. பூட் வழியை எஸ்சிசிஎம்-இன் டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்ட் தருகிறது. இரண்டு பேர், இரண்டு பதில். கூவல் ஒரு விலானை (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) தாண்டிப் போகாது. அதைத் தாண்ட வைப்பது ஸ்விட்சில் போடும் ஐபி ஹெல்ப்பர். பல அலுவலகங்களில் ஹெல்ப்பர் பட்டியலில் டிஹெச்சிபி சர்வர் மட்டும் இருக்கும், டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்டின் முகவரி இருக்காது. விளைவு, ஐபி வரும், பூட் ஆகாது: இ53.

புது மாடி, புது விலான் என்றாலே முதலில் இதைத்தான் நெட்வொர்க் டீமிடம் கேட்க வேண்டும். "டிஹெச்சிபி ஓடுதே, அப்புறம் என்ன?" என்பார்கள். டிஹெச்சிபி ஓடுவது பாதி வேலைதான் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஹெல்ப்பருக்குப் பதிலாக டிஹெச்சிபி ஆப்ஷன் 66, 67 (பூட் சர்வரின் முகவரி, பூட் கோப்பின் பெயர்) இரண்டையும் போட்டு வேலையை முடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரே மாதிரி மெஷின்கள் இருந்த காலத்தில் அது ஓடியது. 67-இல் போடுவது ஒரே ஒரு கோப்பின் பெயர். பழைய பயாஸ் மெஷினுக்கு ஒரு கோப்பு, யுஇஎஃப்ஐ மெஷினுக்கு வேறு கோப்பு. ஒன்றைப் போட்டால் மற்றது விழும். மைக்ரோசாஃப்டே ஹெல்ப்பரைத்தான் பரிந்துரைக்கிறது. ஆப்ஷன் 60-ஐப் பொறுத்தவரை, டிஹெச்சிபியும் விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீஸும் ஒரே சர்வரில் இருந்தால் மட்டுமே அது வேண்டும். மற்ற இடத்தில் அதைப் போட்டால் மெஷின் தவறான ஆளிடம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்கும். யாரோ என்றோ போட்டுவிட்டுப் போன ஆப்ஷன் 60, மூன்று வருடம் கழித்து ஒரு சர்வரை மாற்றும்போது வெடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தும் இ51 வருகிறதா? இரண்டாம் முறை முயன்றால் ஓடிவிடுகிறதா? ஸ்விட்ச் போர்ட்டைப் பாருங்கள். பழைய ஸ்பேனிங் ட்ரீயில் (ஸ்விட்சுகளிடையே வளையம் உருவாகாமல் தடுக்கும் முறை) ஒரு போர்ட்டில் கேபிள் செருகியதும் அது 15 விநாடி கேட்கும், 15 விநாடி கற்கும், பிறகுதான் டேட்டாவை விடும். அந்த 30 விநாடிக்குள் மெஷின் கூவிக் கூவி அலுத்துவிடும். மெஷின் செருகும் போர்ட்களில், அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் தீரும். இது கைவசம் இல்லாதபோது ஒரு குறுக்கு வழி: மெஷினுக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்விட்சை வையுங்கள். சாக்கெட் பக்கத்து லிங்க் அறுபடாமல் இருப்பதால் பூட் ஆகிவிடும். ஆகிவிட்டால் காரணமும் உறுதி.

சர்வர் பக்கம் பார்க்க வேண்டியது எஸ்எம்எஸ்பிஎக்ஸ்இ லாக். மெஷினின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் தனி எண்) தேடுங்கள். முகவரியே லாக்கில் இல்லை என்றால் கூவல் சர்வர்வரை வரவில்லை, நெட்வொர்க் சிக்கல். முகவரி இருக்கிறது, ஆனால் இந்த மெஷினுக்கு டிப்ளாய்மென்ட் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறது என்றால் நெட்வொர்க் ஆட்களை விட்டுவிடுங்கள், குறை நம் கன்சோலில்.

பூட் இமேஜ் இறங்க யுகமாகிறது

தலைமை அலுவலகத்தில் இரண்டு நிமிடம், கிளை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் என்றால் குறை சொல்ல வேண்டியது டிஎஃப்டிபி-யின் இயல்பை. அது ஒரு துண்டு அனுப்பும், 'வந்தது' என்ற பதில் வரும்வரை காத்திருக்கும், பிறகு அடுத்த துண்டு. ஒரு துண்டு 4096 பைட், பூட் இமேஜ் 500 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 1,28,000 துண்டுகள். போய்வர 1 மில்லிவிநாடி ஆகும் உள்ளூர் நெட்வொர்க்கில் இரண்டு நிமிடச் சொச்சம். 30 மில்லிவிநாடி ஆகும் கிளையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். அங்கே லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை, காத்திருப்புதான் நேரத்தை விழுங்குகிறது.

டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்டின் ரெஜிஸ்ட்ரியில் ராம்டிஸ்க் டிஎஃப்டிபி பிளாக் சைஸ், விண்டோ சைஸ் என்று இரண்டு மதிப்புகளைப் போடலாம். விண்டோ சைஸை 4 ஆக்கினால் நான்கு துண்டுக்கு ஒரு முறை பதில் வந்தால் போதும், காத்திருப்பு கால்வாசியாகும். பிளாக் சைஸை வெறிகொண்டு ஏற்றாதீர்கள். துண்டு பெரிதானால் நெட்வொர்க் அதைச் சின்னச் சின்னதாக உடைத்து அனுப்பும், உடைந்ததை ஏற்காத ஃபயர்வால்களும் ஃபர்ம்வேர்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் 1456-க்கு இறக்கினால், ஒரு ஈதர்நெட் சட்டத்துக்குள் அடங்கி, பிரச்சினை இல்லாமல் ஓடும். என்னைக் கேட்டால் கிளைக்கு ஒரு உள்ளூர் டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்ட் வைப்பதே மேல். பதிப்பு 1806 முதல் விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீஸ் இல்லாமலே பிஎக்ஸ்இ பதில் சொல்லும் வசதி வந்துவிட்டதால், சர்வர் ஓஎஸ் இல்லாத சாதாரண விண்டோஸ் 10 மெஷின்கூட இந்த வேலையைச் செய்யும்.

வின்பிஇ வந்தது, உடனே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது

நெட்வொர்க் தயாராகிறது என்ற வரி வரும், சில விநாடி நிற்கும், பிறகு மெஷின் சத்தமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். புது மாடல் லேப்டாப் வந்த வாரத்தில் இதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பூட் இமேஜில் அந்த நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் இல்லை.

"பிஎக்ஸ்இ வழியாகத்தானே பூட் ஆனது, கார்டு வேலை செய்கிறதே!" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதுவரை நெட்வொர்க்கை ஓட்டியது ஃபர்ம்வேரில் இருக்கும் டிரைவர். வின்பிஇ எழுந்ததும் அது விலகிவிடும், விண்டோஸின் சொந்த டிரைவர் வேண்டும்.

எஃப்8 தட்டி ஐபிகான்ஃபிக் போடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் டிரைவர் இல்லை. 169.254-இல் தொடங்கும் முகவரி வந்தால் டிரைவர் இருக்கிறது, டிஹெச்சிபி பதில் தரவில்லை. மறுபடி ஸ்விட்ச் போர்ட்டுக்குப் போங்கள். டிரைவர் இல்லை என்றால் உடனே பூட் இமேஜில் சேர்த்துவிடாதீர்கள். டிரைவரை ஒரு யுஎஸ்பியில் போட்டு, டிரைவ்லோட் கட்டளையால் அந்த ஐஎன்எஃப் கோப்பை ஏற்றிப் பாருங்கள். ஐபி வந்துவிட்டால் அதுதான் சரியான டிரைவர். இப்போது சேர்க்கலாம்.

டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றுமே வின்பிஇ-க்கென்று தனி டிரைவர் தொகுப்பு தருகின்றன. அதிலும் நெட்வொர்க், ஸ்டோரேஜ் இரண்டை மட்டும் எடுங்கள். ஆடியோ, கிராஃபிக்ஸ் எல்லாவற்றையும் பூட் இமேஜில் திணித்தால் அது வீங்கும், மேலே சொன்ன டிஎஃப்டிபி கணக்கு உங்களையே திருப்பி அடிக்கும்.

டிரைவரும் இருக்கிறது, ஐபியும் வந்தது, ஆனாலும் மேனேஜ்மென்ட் பாயிண்டோடு (மெஷின்களுக்குக் கட்டளைகளைத் தரும் எஸ்சிசிஎம் சர்வர்) பேச முடியவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். அலமாரியில் ஒரு வருடம் கிடந்த மெஷினில் தேதி எங்கோ பின்னால் நிற்கும். ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் 'இன்னும் பிறக்கவே இல்லை' என்று தோன்றும், தொடர்பு அறுந்துவிடும். எஃப்8-இல் டேட் கட்டளை போட்டுப் பார்க்க ஐந்து விநாடிதான் ஆகும். நான் இதை மறந்து ஒரு மதியம் முழுவதும் சான்றிதழ்களைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்று செக்யூர் பூட், நம்பகமான கையெழுத்துள்ள பூட் கோப்பை மட்டும் ஓடவிடும் ஃபர்ம்வேர் காவல். 2023 மே மாதம் பிளாக்லோட்டஸ் என்ற பூட்கிட்டுக்கு (விண்டோஸ் எழும் முன்பே ஓடும் தீநிரல்) எதிராக மைக்ரோசாஃப்ட் நடவடிக்கை தொடங்கியது. பழைய 2011 சான்றிதழால் கையெழுத்திட்ட பூட் மேனேஜரை ஃபர்ம்வேரே மறுக்கும்படி மெஷினை மாற்றும் படிகள் அதில் உண்டு. 2011 சான்றிதழ்களுக்கே 2026 ஜூன் தொடங்கி ஆயுள் முடிகிறது. அந்த மாற்றம் ஏறிய மெஷின் உங்கள் பழைய பூட் மீடியாவை செக்யூர் பூட் மீறல் என்று தள்ளிவிடும். அலமாரியிலிருந்து எடுத்த புது மெஷின் பூட் ஆகிறது, நன்றாகப் புதுப்பித்து வைத்திருந்த மெஷின் ஆகவில்லை என்ற தலைகீழ்க் காட்சி தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு இமேஜ் போடுவது தீர்வல்ல. புதிய சான்றிதழால் கையெழுத்திட்ட பூட் மேனேஜருடன் மீடியாவைப் புதுப்பிக்க வேண்டும்.

டாஸ்க் சீக்வென்ஸ் எதுவும் இல்லை என்கிறது

மெஷின் பேசுகிறது, ஆனால் பட்டியல் காலி. எஸ்சிசிஎம் ஒரு மெஷினை அடையாளம் காண்பது இரண்டு விஷயங்களால்: மேக் முகவரி, மதர்போர்டில் எழுதியிருக்கும் எஸ்எம்பயாஸ் எண். இரண்டில் ஒன்று டேட்டாபேஸில் ஏற்கனவே இருந்தால் அது 'தெரிந்த மெஷின்'. நீங்களோ டாஸ்க் சீக்வென்ஸை 'தெரியாத கணினிகள்' என்ற மெஷின் பட்டியலான கலெக்‌ஷனுக்கு மட்டும் டிப்ளாய் செய்திருப்பீர்கள். முதல் இமேஜ் ஓடும், பாதியில் தோற்கும், இரண்டாம் முறை பட்டியல் காலியாகும். முதல் முயற்சியிலேயே மெஷின் ஒரு ரெக்கார்டை உருவாக்கிவிட்டது. கன்சோலில் மேக் முகவரியை வைத்துத் தேடி, பெயர் தெரியாமல் கிடக்கும் அந்த ரெக்கார்டை அழித்துவிட்டு, சில நிமிடம் பொறுத்து மறுபடி பூட் செய்யுங்கள்.

ஈதர்நெட் போர்ட்டே இல்லாத மெல்லிய லேப்டாப்கள் வந்த பிறகு இந்த நோய் முற்றிவிட்டது. ஒரே யுஎஸ்பி டாங்கிளை வைத்து நாற்பது லேப்டாப்புக்கு இமேஜ் போடுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே மேக் முகவரி. இரண்டாவது லேப்டாப்பைப் பார்த்து எஸ்சிசிஎம் 'இது முதல் லேப்டாப் அல்லவா' என்கிறது. பதிப்பு 1610 முதல் இதற்கு நல்ல வழி இருக்கிறது: ஹைரார்க்கி செட்டிங்ஸில் 'கிளையன்ட் அப்ரூவல் அண்ட் கான்ஃப்ளிக்டிங் ரெக்கார்ட்ஸ்' டேபில் அந்த டாங்கிளின் மேக் முகவரியைச் சேர்த்துவிட்டால், அடையாளம் காண அதைப் பயன்படுத்தாது. அலுவலகத்தில் இமேஜ் போட இரண்டே டாங்கிள் என்று ஒதுக்கி, லேபிள் ஒட்டி, அவற்றை மட்டும் சேர்த்து வையுங்கள். ஆளுக்கொரு டாங்கிள் கொண்டுவந்தால் பட்டியல் முடிவே இல்லாமல் நீளும்.

டிஸ்க்

டாஸ்க் சீக்வென்ஸ் தொடங்கி, பார்ட்டிஷன் போடும் படியில் விழுந்தால் எஃப்8, டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க். டிஸ்க்கே தெரியவில்லை என்றால், 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் மெஷினில் காரணம் பெரும்பாலும் விஎம்டி. ஸ்டோரேஜ் கட்டுப்பாட்டை அது தன் கையில் எடுத்துக்கொள்கிறது, அதற்கான இன்டெல் டிரைவர் இல்லாமல் வின்பிஇ-க்கு டிஸ்க் தெரியாது. பயாஸில் விஎம்டியை அணைக்கலாம், அல்லது டிரைவரைச் சேர்க்கலாம். எது வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆனால் எல்லா மெஷினிலும் ஒன்றையே செய்யுங்கள். ஒரு அமைப்பில் இமேஜ் போட்டுவிட்டு பிறகு யாராவது பயாஸில் மாற்றினால், பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்ற நீலத் திரை வந்து நிற்கும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனாலும் படி தோற்கிறது என்றால் பயாஸ்-யுஇஎஃப்ஐ குழப்பமா என்று பாருங்கள். டிஸ்க்கைப் பிரிக்கும் முறை, யுஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி, பழைய பயாஸ் முறை என்றால் எம்பிஆர். டாஸ்க் சீக்வென்ஸில் இரண்டுக்கும் தனித்தனி படி வைத்து, எந்த முறையில் பூட் ஆனதோ அதற்குரியது மட்டும் ஓடும்படி நிபந்தனை போட்டிருக்க வேண்டும். எஸ்டி கார்டோ யுஎஸ்பியோ செருகியிருந்தால் அது டிஸ்க் 0 ஆகிவிடும் கூத்தும் உண்டு. பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கன்டென்ட் வரவில்லை

இங்கே பிழை எண்கள் உண்மையிலேயே உதவும். 80070005 என்றால் அனுமதி இல்லை. 80070035 என்றால் நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை. 80070002 என்றால் கோப்பு இல்லை. 80070070 என்றால் டிஸ்க்கில் இடமில்லை. 80040104 என்றால் தேவையான தொகுப்பு எந்த டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்டிலும் கிடைக்கவில்லை. 80091007 என்றால் இறங்கிய கோப்பின் ஹேஷ் (சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை.

80040104 வந்தால் இரண்டு இடம். தொகுப்பு உண்மையிலேயே டிஸ்ட்ரிபியூட் ஆகியிருக்கிறதா என்பது ஒன்று. டாஸ்க் சீக்வென்ஸில் ஐம்பது தொகுப்புகள் இருந்து ஒன்று மட்டும் விடுபட்டாலும் தொடக்கத்திலேயே நின்றுவிடும், எந்தத் தொகுப்பு என்று லாக் பெயர் சொல்லும். இன்னொன்று பவுண்டரி, அதாவது எந்த ஐபி வரம்பு எந்த சர்வருக்கு என்று எஸ்சிசிஎம்-இல் குறிக்கும் எல்லை. புது விலானின் ஐபி வரம்பை எந்த பவுண்டரி குரூப்பிலும் சேர்க்காமல் விட்டால், மெஷினுக்குத் தன் பக்கத்து டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்ட் எது என்றே தெரியாது. 'ஒரு மாடி மட்டும் ஃபெயில்' என்று போன் வந்தால் நான் முதலில் திறப்பது பவுண்டரி பட்டியல்தான்.

80070005 என்றால் நெட்வொர்க் ஆக்சஸ் அக்கவுன்ட். வின்பிஇ டொமைனில் இல்லை, அதனால் கோப்புகளை எடுக்க ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு காலாவதியாகியிருக்கும், அல்லது பூட்டப்பட்டிருக்கும். 'நேற்றுவரை ஓடியது, இன்று எங்கேயும் ஓடவில்லை' என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என்ஹான்ஸ்டு ஹெச்டிடிபி போட்டுவிட்டால் பெரும்பாலான இடங்களில் இந்தக் கணக்கே தேவைப்படாது. வைத்தே தீர வேண்டும் என்றால் குறைந்தபட்ச உரிமை மட்டும் கொடுங்கள். டொமைன் அட்மின் கணக்கை இங்கே போட்டு வைத்திருக்கும் இடங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

ஹேஷ் பொருந்தாதது எல்லா மெஷினிலும் வந்தால் அந்தத் தொகுப்பை அந்த டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்டுக்கு மறுபடி அனுப்புங்கள். ஒரே மெஷினில் மட்டும் வந்தால் ராமைச் சந்தேகியுங்கள்.

விண்டோஸ் வந்தது, டாஸ்க் சீக்வென்ஸ் காணாமல் போனது

பிழையே காட்டாத பிழை இது. விண்டோஸ் அழகாக எழுந்து லாகின் திரை காட்டும். ஆனால் ஆப் எதுவும் இல்லை, கிளையன்ட் பாதியில் நிற்கும். விண்டோஸ் செட்டப் முடிந்ததும் செட்டப்கம்ப்ளீட் என்ற சிறு கோப்பு ஓடித்தான் டாஸ்க் சீக்வென்ஸை மறுபடி எழுப்புகிறது. விண்டோஸ் ப்ரோ இமேஜில் ஓஇஎம் ப்ராடக்ட் கீ போட்டிருந்தால் விண்டோஸ் அந்தக் கோப்பை ஓட்டவே ஓட்டாது. வால்யூம் லைசென்ஸ் கீயைப் போடுங்கள். செட்டப்பே இடறியதா என்று அறிய விண்டோஸ் ஃபோல்டருக்குள் பேந்தர் என்ற ஃபோல்டரில் செட்டப்ஆக்ட், செட்டப்எரர் என்று இரண்டு லாக் இருக்கும்.

அப்டேட் போடும் படியில் தொலைந்துபோனால் காரணம் வேறு. சில அப்டேட்கள் இரண்டு முறை ரீஸ்டார்ட் கேட்கும். முதல் ரீஸ்டார்ட் டாஸ்க் சீக்வென்ஸுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது, அதில் கயிறு அறுந்துவிடும். இரண்டாவது ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கச் சொல்லும் மாறி ஒன்று இருக்கிறது, விநாடியில் மதிப்பு கொடுக்கலாம். அதைவிட அப்டேட்களை இமேஜிலேயே ஆஃப்லைனாகச் சேர்த்துவிடுவது நிம்மதி.

டொமைன் ஜாயின்

விண்டோஸ் செட்டப்பின்போது டொமைனில் சேர்வது தோற்றாலும் டாஸ்க் சீக்வென்ஸ் கண்டுகொள்ளாது, தொடர்ந்து ஓடும். பல படிகள் தள்ளி வேறு ஏதோ ஒன்று விழும், நாம் அதைத் தேடிக்கொண்டிருப்போம். விண்டோஸ், டீபக் ஃபோல்டரில் நெட்செட்டப் லாக்கைத் திறந்தால் உண்மை தெரியும்.

2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு இங்கே ஒரு புது வழக்கு சேர்ந்தது. ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குப் பதிவேடு) அதே பெயரில் ஒரு கணினிக் கணக்கு ஏற்கனவே இருந்து, அதை உருவாக்கியவர் வேறு ஒருவராக இருந்தால், அதை மறுபடி பயன்படுத்த விண்டோஸ் மறுத்துவிடும். லாக்கில் பிழை எண் 2732. பழைய மெஷினுக்கு அதே பெயரில் மறுபடி இமேஜ் போடும் எல்லோரும் இதில் மாட்டினார்கள். பழைய கணக்கை அழித்துவிட்டுப் போடலாம். நிறைய மெஷின் என்றால், டொமைன் கன்ட்ரோலர் பாலிசியில் கணினிக் கணக்கை மறுபயன்பாடு செய்ய நம்பகமானவர்கள் யார் என்று குறிப்பிடும் அமைப்பு இருக்கிறது, அந்தக் கணினிக் கணக்குகளின் நம்பகமான சொந்தக்காரர்களை அதில் சேர்க்கலாம்.

கன்சோலில் கை வைக்கும் முன்

2014 மே 14 அன்று அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் ஒரு விண்டோஸ் 7 டாஸ்க் சீக்வென்ஸ், பார்ட்டிஷனை அழித்து ஃபார்மேட் செய்யும் படியோடு, தவறுதலாக நிர்வகிக்கப்படும் விண்டோஸ் மெஷின்கள் எல்லாவற்றுக்கும் போனது. டெஸ்க்டாப், லேப்டாப், சர்வர் எல்லாம். ஆட்கள் கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் எஸ்சிசிஎம் சர்வரே ஃபார்மேட் ஆகிவிட்டிருந்தது.

பிழை தேடும் அவசரத்தில் செய்யும் மாற்றங்கள்தான் எனக்குப் பயம். 'சும்மா டெஸ்டுக்கு' என்று ஒரு டிப்ளாய்மென்டை அவெய்லபிளிலிருந்து ரிக்வயர்டாக மாற்றுவோம், கலெக்‌ஷனைக் கொஞ்சம் அகலமாக்குவோம். ரிக்வயர்டு என்றால் யாரும் எதையும் தொட வேண்டாம், தானே ஓடும். ஓஎஸ் டாஸ்க் சீக்வென்ஸை அவெய்லபிளாகவே வையுங்கள், பிஎக்ஸ்இ-க்குப் பாஸ்வேர்டு போடுங்கள். சைட் பண்புகளில் டிப்ளாய்மென்ட் வெரிஃபிகேஷன் என்ற டேப் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கலெக்‌ஷன்களையும் சைட் சர்வர்கள் இருக்கும் கலெக்‌ஷன்களையும் தேர்ந்தெடுக்க விடாமல் தடுக்கும். அந்த எண்ணை உங்கள் அலுவலகம் தாங்கும் அளவுக்கு இறக்கி வையுங்கள்.

இமேஜ் முடிந்த மெஷின்களின் பூட் வரிசையில் நெட்வொர்க் முதலிடத்தில் இருந்தால் அதையும் கீழே இறக்கிவிடச் சொல்லுங்கள். போன் செய்த இன்ஜினியர் இன்னும் லைனில்தான் இருப்பார்.